லூபோஷுக்கு முட்டிவலி

யர்மிலா ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலைப் பெடலில் வைத்து நின்றாள். வழிகாட்டிப் பையன் ராதிம் குனிந்து சீட்டின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். சுவரோரம் இன்னொரு மின்சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உயரமான ஆளுக்கென்று அதன் சீட்டை முன்பே ஏற்றி வைத்திருந்தான்.

“ரெண்டு பேருன்னு பதிஞ்சிருக்கேம்மா. ஐயா வரலையா?”

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே பதிலைத் தயார் செய்திருந்தாள். இறந்துட்டாரு, போன சனிக்கிழமை, நான் மட்டும்தான் வந்தேன். மனதுக்குள் பலமுறை சொல்லியும் பார்த்தாள். வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

“முட்டிவலி. வீட்ல இருக்காரு.”

“அடடா” என்றான் ராதிம். உயர்த்தி வைத்திருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் விட்டுவிட்டு வந்தான்.

அவள் கணவர் லூபோஷ் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்து, டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். எழுபது முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தனக்கு எந்தச் சடங்கும் வேண்டாம் என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். “கூட்டம் வேணாம், பேச்சு வேணாம், வயலினைப் போட்டு ராவ வேணாம். கொளுத்திட்டு, போய் ஆளுக்கொரு பீர் குடிங்க.” எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். மூன்றாவது பீருக்குப் பிறகு சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள், பெண்டாட்டிகள் மட்டும் அதை மனதில் போட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

நார்வேயில் நர்ஸாக இருக்கும் மகள் ஷார்கா போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, “அப்பா அதைத்தானேம்மா கேட்டாரு?” என்றாள். “ஆமா” என்றாள் யர்மிலா. “சடங்கே இல்லைன்னா நான் வந்து என்னம்மா பண்றது? கிறிஸ்துமஸுக்கு லீவு சேத்து எடுத்துட்டு வரேன்.” அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்புத் தாள்கூட அச்சடிக்கவில்லை. மளிகைக்கடைக் கதவில் ஒட்டினால் எத்தனை மணிக்கு, எங்கே என்று கேட்பார்கள். சொல்வதற்கு மணியும் இல்லை, இடமும் இல்லை.

எப்போது எரிப்பார்கள் என்று ஈமச்சடங்கு அலுவலகத்துப் பெண்ணிடம் அவளே கேட்டுப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமைங்க. பகல்ல எப்பவாச்சும்.”

“எப்பவாச்சும்னா?”

“சடங்கு இல்லாததுக்கு நேரம் குறிக்கிறதில்லைங்க. இடையில எப்ப ஒழியுதோ அப்ப உள்ள அனுப்பிருவாங்க.”

அந்த வெள்ளிக்கிழமை இதுதான். வீட்டில் உட்கார்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஷார்கா அனுப்பிய பரிசுச்சீட்டு குளிர்பதனப்பெட்டிக் கதவில் தொங்கியது. இருவருக்கு ஒரு நாள் சைக்கிள் பயணம், வழிகாட்டியோடு. மூன்று சின்ன பீர் ஆலைகள், மதியச் சாப்பாடு. தேதி பதிவு செய்து வைத்திருந்தவர் லூபோஷ்தான். அவள் எழுந்து காலுக்கு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவளைத் தவிர வந்திருந்தவர்கள் நான்கே பேர். கொதிகலன் பழுதுபார்க்கும் கமில், அவன் மனைவி இவானா, மொராவியாப் பக்கத்திலிருந்து அதிகம் பேசாத ஒரு அக்கா தங்கை. கமிலுக்கு ஐம்பது வயதிருக்கும். வயிறு ஹாண்டில்பாரைத் தொட்டது. கிளம்பும்போதே ராதிமோடு தகராறுக்கு நின்றான்.

“தம்பி, முதல் ரெண்டு எடத்துலயும் போதையில்லாத பீருன்னு போட்டிருக்கியே, இது எந்த ஊரு நியாயம்?”

“சைக்கிள் ஓட்டுறப்போ குடிக்கக் கூடாதுங்க. போலீஸ் ஊதச் சொல்லுவான். கடைசி எடத்துல வேணும்ங்கிற மட்டும் குடிங்க. அங்கேருந்து வேன்லதான் திரும்பறோம்.”

“கடைசி வரைக்கும் நான் உயிரோட இருக்கணுமேப்பா” என்றான் கமில். எல்லோரும் சிரித்தார்கள். யர்மிலா ஹெல்மெட் வாரை மாட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

பாதை குளத்துக் கரைமேல் போனது. இரண்டு பக்கமும் பழைய ஓக் மரங்கள், கீழே தண்ணீரில் கெண்டைகள் புரளும் சத்தம். சமதரையில் அவளே மிதித்தாள். மேடு வந்தபோது மோட்டார் வேலை செய்யத் தொடங்கியது. யாரோ பின்னாலிருந்து இடுப்பில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ராதிம்தான் கடைசியில் வந்துகொண்டிருந்தான், வெகு தூரத்தில்.

இப்போதாக இருக்குமோ என்று நினைத்தாள். அடுத்த வளைவில் மறுபடியும் நினைத்தாள், இல்லை, இப்போதோ.

முதல் ஆலை ஒரு பழைய மாவு மில்லில் இருந்தது. போதையில்லாத பீரை ஒரு வாய் குடித்த கமில் மூஞ்சியைச் சுளித்தான். “உங்க வீட்டுக்காரரு கெட்டிக்காரரு யர்மிலாக்கா. முட்டிவலின்னு படுத்துக்கிட்டாரு பாருங்க.”

“அவரு இதக் குடிச்சா அங்கேயே துப்பிடுவாரு” என்றாள் யர்மிலா. “துப்பிட்டு, சமையல்கட்டுக்குப் போயி ஆலைக்காரனுக்கே பாடம் எடுப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரமாக அவள் சொன்ன எதற்கும் யாரும் சிரித்திருக்கவில்லை. அவளுக்கு நெஞ்சில் சூடாக ஏதோ பரவியது. மேலே சொன்னாள்.

“காலைல ரொட்டி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புவேன். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாரு. கையில ரொட்டி இருக்காது. வழியில யாரோ வேலி போட்டுட்டு இருந்தாங்களாம், ஒத்தாசை பண்ணாராம்.”

“எங்க வீட்லயும் இதே கதைதான்” என்றாள் இவானா. “இவருக்கு ஒத்தாசையும் பண்ணத் தெரியாது. நின்னு வேடிக்கை பார்ப்பாரு.”

“உங்க ஆளுக்கு நீச்சல் தெரியுமாக்கா?” என்று கமில் கேட்டான். ஏன் கேட்டான் என்று தெரியவில்லை, குளத்தைப் பார்த்தபடி கேட்டான்.

“தெரியாது. ஆனா தெரியும்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கிட்டாரு.”

அதன்பின் அவர்கள் விடவில்லை. லூபோஷ் குறட்டை விடுவாரா, என்ன வேலை பார்த்தார், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாரா என்று சைக்கிளைப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே கேட்டார்கள். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். பண்ணுவாரு, சொல்லுவாரு, கோவிச்சுக்குவாரு. இறந்தகாலம் வாய்க்கு வரவே இல்லை. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்க்குள் இருப்பது நிம்மதியாக இருந்தது. இந்த நான்கு பேருக்கும் ராதிமுக்கும் லூபோஷ் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உயிரோடு இருந்தார். முழு உலகத்தில் இவர்கள் ஐந்து பேரிடம் மட்டும்தான் அப்படி இருந்தார்.

மதியம் மாட்டிறைச்சியும் க்ரீம் குழம்பும் மாவுருண்டைகளும் வந்தன. நல்ல பசி. ஐந்து உருண்டைகளையும் தின்று, குழம்பை ரொட்டியால் வழித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பிட்ட நேரம் முழுக்க அவரை நினைக்கவே இல்லை. ஒருவேளை அது அப்போதுதான் நடந்திருந்தால்? தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கைகழுவும் இடத்துக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரவில்லை. வெளியே கமில், “யர்மிலாக்கா, ரெண்டாவது ஆலை காத்துக்கிட்டு இருக்கு, அங்கயும் வெறுந்தண்ணிதான் தருவாங்களாம்” என்று கத்தினான்.

மூன்றாவது ஆலை ஒரு வைக்கோல் களஞ்சியத்தில் இருந்தது. சைக்கிள்களை வேனின் பின்வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு ராதிம் தலையசைத்ததும் கமில் கும்பிடாத குறையாக உள்ளே ஓடினான். நுரை ததும்பும் கோப்பைகள் வந்தன. எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோப்பையை இடிக்கும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தாக வேண்டும், பார்க்காவிட்டால் அது சேர்த்தி இல்லை.

“லூபோஷோட முட்டிக்கு!” என்றான் கமில்.

“லூபோஷுக்கு!” என்றார்கள் எல்லோரும். பேசாத அக்கா தங்கைகூட உரக்கச் சொன்னார்கள். யர்மிலா ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்துக் கோப்பையை இடித்தாள். ராதிம் தன் எலுமிச்சைச் சாற்றை நீட்டினான். அவனையும் பார்த்தாள். பீர் கசப்பாக, நன்றாக இருந்தது. அவருக்குப் பிடித்திருக்கும்.

இரண்டாவது கோப்பைக்குப் பிறகு கமில் உள்ளே போய், இரண்டு லிட்டர் பாட்டிலில் பீர் நிரப்பி வாங்கிக்கொண்டு வந்தான்.

“வடிகட்டாதது. புதுசு. நாளைக்கு வச்சா செத்த பீராயிடும்னு ஆலைக்காரன் சொல்றான். இன்னைக்கே அவரு குடிச்சாகணும்.”

“ரொம்ப நன்றி. நான் கொடுத்துடறேன்.”

“நீங்க எதுக்குச் சுமக்கறீங்க? தம்பி, அக்கா வீடு வழியிலதானே?”

“முதல்ல இறங்கறதே அவங்கதாங்க” என்றான் ராதிம்.

“அப்ப நாமளே மேல ஏறிப் போய்க் குடுத்துடுவோம். பகல் பூரா அந்த மனுஷனையே பேசிட்டு, மூஞ்சியைப் பாக்காமப் போனா எப்படி?”

“வேண்டாங்க” என்றாள் யர்மிலா. “தூங்குவாரு.”

“எழுப்புவோம்.”

“வீடு போட்டது போட்டபடி கெடக்கு.”

“எங்க வீட்டை வந்து பாருங்க” என்றாள் இவானா.

வேனில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. அறுவடை முடிந்த வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. இப்போது சொல்லிவிடலாம், அடுத்த ஊர் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று எண்ணினாள். சொன்ன கணத்திலேயே லூபோஷ் இவர்களிடமும் செத்துவிடுவார். அப்புறம் அவரை யாரும் குறட்டை விடுவாரா என்று கேட்க மாட்டார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல் வந்துவிட்டது.

“அஞ்சு நிமிஷம்தானே” என்று ராதிம் எஞ்சினை அணைக்காமலே இறங்கினான். அவனுக்கும் லூபோஷைப் பார்க்க ஆசை.

லிஃப்ட் பழுது. மூன்று மாடியும் ஏறினார்கள். நோயாளி வீடு என்று ஒருவரையொருவர் உஷ் உஷ் என்று அடக்கிக்கொண்டார்கள். கதவு முன்னால் கமில் மூச்சு வாங்கியபடி குனிந்து ஷூவைக் கழற்றினான். எல்லோரும் கழற்றினார்கள். யார் வீட்டுக்கும் ஷூவோடு போய் எங்களுக்குப் பழக்கமில்லை. யர்மிலா சாவியைப் போட்டாள். சாவி இரண்டு முறை வழுக்கியது.

கதவு திறந்தது. கமில் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இருட்டான நடையைப் பார்த்து முழுக்குரலில் கூப்பிட்டான்.

“லூபோஷண்ணே! முட்டிக்கு மருந்து வந்திருக்கு!”

அந்த வீட்டில் ஏழு நாளாக அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. யர்மிலா ஒரு கணம், ஒரே ஒரு கணம், பதிலுக்காகக் காத்தாள்.

“லூபோஷண்ணே?” கமிலின் குரல் இறங்கியது.

“அவரு இல்லீங்க” என்றாள். “செத்துட்டாரு. போன சனிக்கிழமை. இன்னைக்குத்தான் எரிக்கறாங்க. எப்பன்னு சொல்லல. பகல்ல எப்பவாச்சும்னாங்க.”

கமில் தூக்கிய பாட்டிலை மெல்ல இறக்கினான். அவன் இடதுகால் சாக்ஸில் ஓட்டை இருந்தது. பெருவிரலை உள்ளே மடக்கிக்கொண்டான்.

“நாள் பூரா...” என்று ஆரம்பித்த இவானா முடிக்கவில்லை.

“மன்னிச்சுக்கங்க. கிறுக்குன்னு நெனைக்காதீங்க. அவரு சடங்கே வேணாம்னுட்டாரு. அதான் யாருக்கும் சொல்லல. யாரும் வரல.”

“அவரு வேணாம்னாரு சரி” என்றான் கமில். சத்தமில்லாமல் பேச அவனுக்கும் தெரிந்திருந்தது. “நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னை யாரு கேட்டா?”

சொல்லி முடித்ததும் அவளுக்கு முகம் கோணியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். இவானா ஒரு எட்டு வைத்தாள், தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

“அக்கா, நாங்க போயிடட்டுமா?”

போகாதீங்க என்று கேட்க யர்மிலாவுக்கு வாய் வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள். அவரவர்க்கு வீடு இருக்கிறது, ஊர் தூரம். ராதிம் தொண்டையைச் செருமினான். “வண்டி ஓடிட்டு இருக்கும்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஷூவைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் படியிறங்கினான். சரி, கிளம்புகிறார்கள் என்று எண்ணினாள்.

முகத்தைக் காட்டாமல் இருக்க அவள் சமையலறைக்குள் போனாள். கண்ணாடி அலமாரியைத் திறந்து, எதையும் எடுக்காமல் நின்றாள். ஜன்னல் திறந்திருந்தது. கீழே வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

எஞ்சின் நின்றது.

படிகளில் ராதிமின் காலடி மறுபடி மேலே ஏறி வந்தது. நடையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யர்மிலா கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். ராதிம் வண்டி ஓட்ட வேண்டும், அவனுக்குப் பீர் ஆகாது. அவனுக்குக் காபி போட அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.