பழுப்புத்தாளின் ஓரத்தில்

"நீங்கதான் கொடுத்திருக்கணும், வேற யாரு..."

"நான் எதுக்குக் கொடுக்கப் போறேன்னு..."

"எதையாவது இதுவரைக்கும் காசு கொடுத்து வாங்கியிருக்கீங்களா? படம், பாட்டு, உங்க ஆபீஸ் கணக்குப் போடுற மென்பொருள் வரைக்கும்..."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன கோட்டா தைக்கப் போறேன்? எனக்கு எதுக்கு வெட்டுத்தாள் வரையிற மென்பொருள்?"

"...எல்லாம் எவனோ ஒருத்தன் பூட்டை உடைச்சுப் போட்டது. அதைக் கூச்சமில்லாம இறக்கி வச்சுக்கிறது."

தையல்காரம்மாவின் மகனும் மருமகளும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி. அடுத்த அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், தையல்காரம்மா ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு பட்டன் சட்டை. முதல் பட்டனின் நாலு துளையில் இரண்டாவது துளைக்குள் ஊசி போய்விட்டது, வெளியே வரவில்லை. இழுக்க வேண்டிய கை அப்படியே நின்றது.

விஷயம் இதுதான். மருமகளுக்கு வேலை ஒரு மென்பொருள் நிறுவனத்தில். உடம்பின் அளவுகளைத் தட்டினால் சட்டைக்கும் கோட்டுக்கும், துணிமேல் வைத்து வெட்டுகிற வெட்டுத்தாளைத் தானே வரைந்து கொடுக்கும் மென்பொருள் அவர்களுடையது. அதில் கைப்பகுதி முழுக்க மருமகளின் பொறுப்பு. வீட்டிலிருந்தே வேலை. ஊழியர் வீட்டாருக்கு என்று நிறுவனம் ஒரு உரிம எண்ணை இலவசமாகத் தந்திருந்தது. ஐந்தைந்தாகப் பிரித்த இருபத்தைந்து எழுத்து. ஒரே ஒரு கணினிக்கு. அந்த எண் இப்போது நானூற்றுச் சொச்சம் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறதாம். நேற்று மாலை நிறுவனத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்று ஒரு மணிக்கு வீடியோவில் விசாரணை.

"கடிதத்துல என்னதான் எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு," என்றான் மகன்.

"வீட்டுல வேற யாராவது தெரியாம கொடுத்திருந்தா, அவங்க விசாரணைக்கு முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமாம். எனக்கு ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடுவாங்களாம். அப்படி யாரும் இல்லன்னா நான் கொடுத்ததா எடுத்துப்பாங்க. வேலை போயிடும்."

மருமகள் இதை வழக்கத்தைவிடச் சற்று உரக்கவே படித்தாள். ஜன்னலோரத்தில் ஊசி வெளியே வந்தது. முதல் பட்டன் முடிந்தது.

"படம்கூட அனுப்பியிருக்காங்க. இணையத்துல எவளோ போட்ட படம்."

"காட்டு."

"இப்ப வேணாம்," என்று மடிக்கணினியை மூடினாள்.

"ஒரு எண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா," என்றான் மகன். தோற்கிற சண்டையில் ஊருக்கே பொதுவான நியாயத்தை இழுப்பது அவன் வழக்கம். "நானொண்ணு கேக்கிறேன். கத்தரிக்கோல் வாங்கினா பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். இஸ்திரிப் பெட்டி வாங்கினா கொடுக்கலாம். மென்பொருள்னா மட்டும் கூடாதா? அப்ப அது என்ன வாங்கினதா, வாடகைக்கு எடுத்ததா?"

"கத்தரிக்கோலைக் கொடுத்தா உங்க கையில கத்தரிக்கோல் இருக்காது. இது அப்படியா? நானூறு பேர் கையிலயும் இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். யாருக்கும் ஒண்ணும் குறையலையே."

"எனக்குக் குறையுது. வேலை."

தையல்காரம்மாவுக்கு மகன் பேசுவது காதுக்கு இதமாகத்தான் இருந்தது. அவள் மனதில் இருந்த நியாயத்தை அவன் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. தையல் உலகத்தில் தாளை இல்லையென்று சொல்வதில்லை. ஒருத்தி நல்ல காலர் வெட்டினால் அந்தப் பழுப்புத்தாள் பத்துக் கடை சுற்றி, ஓரமெல்லாம் நைந்து, யாருடையது என்றே தெரியாமல் திரும்பி வரும். கேட்டுக் கொடுக்காதவளை "கஞ்சக் கத்தரி" என்பார்கள். அவளும் அப்படிக் கற்றவள்தான். ஆனால் இதம் ஒரு கணம்தான் நின்றது. இரண்டாவது பட்டனில் ஊசி விரலைக் குத்தியது. வெள்ளைச் சட்டையாயிற்றே என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். வாயில் விரல் இருக்கும்போது பேச வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம்.

மருமகள் அந்த எண்ணைத் தந்த நாளை அவள் மறக்கவில்லை. திரையில் பொடிப்பொடியாக எழுத்து ஓடியது. யாரும் படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்துகிற அந்தப் பக்கத்தை மருமகள் நிறுத்தி, அவளுக்காக வாய்விட்டுப் படித்தாள். "அத்தை, இது உங்களுக்கு மட்டும்தான். என் பேர்ல வந்தது." "நான் யாருக்கும்மா கொடுக்கப் போறேன்," என்று சொல்லி, சம்மதத்தைத் தானே அழுத்தினாள்.

பிறகு, மறந்துவிடக் கூடாதே என்று அந்த எண்ணை கோட்டின் கையை வெட்டுவதற்கான ஒரு பழுப்புக் கைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள். முக்கியமான எண் எதுவானாலும் அவளுக்குத் தாள் ஓரம்தான். பல் டாக்டர் எண், மின்சார இணைப்பு எண், மகனின் ரத்த வகை, எல்லாம் ஏதோ ஒரு முதுகுத் தாளிலோ பாக்கெட் தாளிலோ இருக்கும்.

"சரி விடு," என்றான் மகன். குரல் இறங்கிவிட்டது. "நான்தான் கொடுத்தேன்னு எழுதிக்கோ. கையெழுத்துப் போடுறேன். எச்சரிக்கையோட முடியும்ல?"

ஜன்னலோரத்தில் மூன்றாவது பட்டன் நின்றது. தையல்காரம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது இறங்கிய சுகம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளை பழியைத் தூக்கிக்கொண்டு போகிறான், தாய்க்கு மூச்சு சீராகிறது.

"வேணாம்," என்றாள் மருமகள். "பண்ணாத ஆளோட கையெழுத்து எனக்கு வேணாம்."

"இவ்வளவு நேரம் நான்தான் பண்ணினேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப ஆபீஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

அவன் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினான். "போயிட்டு வரேன்மா. உன் மருமக கோர்ட்டுல தீர்ப்பு ஒத்திவச்சிருக்கு." தையல்காரம்மா சிரிக்க முயன்றாள். வாயில் நூல் இருந்தது. மருமகள் அறை வாசலில் வந்து நின்றாள். எதையோ கேட்கப் போகிறவள் போல நின்றாள். தையல்காரம்மா நாலாவது பட்டனை எடுத்தாள். ஐந்தாவதை எடுத்தாள். ஆறாவதையும் வைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

"அத்தை, டீ போடட்டுமா?"

"வேணாம்மா. ஒரு ஜிப் வாங்கணும். கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்."

"சரி அத்தை. ஒரு மணிக்கு எனக்கு அந்த விசாரணை. அதுக்கு முன்னாடி வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவேன்."

அவள் ஜிப் கடைக்குப் போகவில்லை. பஸ் ஏறி நேரே காலர் அக்காவின் கடைக்குப் போனாள். காலர் வைப்பதில் கைராசிக்காரி என்பதால் அந்தப் பெயர். முப்பது வருஷப் பழக்கம். கோட்டுக் கைத்தாளை வாங்கிப் போனவள் அவள்தான்.

கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். காலர் அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"என்னடி முகம் இப்படி இருக்கு? தப்பா வெட்டிட்டியா?"

"அக்கா, அந்த எண்ணை யாருக்குக் கொடுத்தே?"

"எந்த எண்?"

"கைத்தாள் ஓரத்துல இருந்ததே. கம்ப்யூட்டர்ல போடுறது."

"ஓ, அதுவா. என்கிட்ட கத்துக்க வர பதினொரு பேருக்கும் கொடுத்தேன். நல்லாத்தான் வரையுது. கை மட்டும் பிரமாதம். உன் மருமக கெட்டிக்காரி."

"அவ வேலை போகப் போகுது அக்கா."

காலர் அக்காவின் மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது, துணி தீர்ந்து போய், துணியை நகர்த்தும் வெறும் இரும்புப் பல்லில் ஊசி குத்துகிற வரை.

"என்னடி சொல்றே? ஒரு எண்ணுக்கா? உப்பு கேட்டா கொடுக்கிறதில்லையா?"

"உப்பு இல்லக்கா இது. நானூறு பேர்கிட்ட போயிருக்கு."

"நான் கொடுத்தது பதினொண்ணு. மிச்சம் முந்நூத்திச் சொச்சத்துக்கு நான் பொறுப்பில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னை ஏன் பார்க்கிறே அப்படி? நான் கேக்கவே இல்லையே. கைத்தாள்தான் கேட்டேன். நீதானே, 'இது என் மருமக செஞ்சது, இந்தக் கை வளைவுல நான் சொன்ன யோசனையும் இருக்கு'ன்னு ஆரம்பிச்சு, எப்படிப் போடணும்னு என் பக்கத்துலயே உக்காந்து போட்டுக் காட்டினே?"

உண்மைதான். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. மருமகளைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு. பெருமைக்குக் கொடுத்த வாய் இன்று காலை ஒரு மணி நேரம் நூலைக் கடித்துக்கொண்டு இருந்தது.

"யாரு இணையத்துல போட்டது?"

"அந்தச் சிவப்புக் கண்ணாடிக்காரி. கத்துக்க வந்து ஒரு மாசம் ஆகல. தையல்காரங்க ஆயிரம் பேர் இருக்கிற குழுவாம். எழுதினா தப்பாயிடும்னு தாளையே படம் பிடிச்சுப் போட்டுட்டா. எல்லாரும் கைதட்டினாங்களாம்."

"தாளையா?"

"தாளைத்தான். உன் கோழிக் கிறுக்கலோட."

தையல்காரம்மா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் படம்தான் கடிதத்தோடு வந்திருக்கிறது. ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு, சைபருக்குள் ஒரு புள்ளி. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு தாளிலும் அதே ஏழு, அதே சைபர். மருமகள் மூன்று வருஷமாகப் பார்க்கிற கையெழுத்து. "இப்ப வேணாம்" என்று மூடினாளே. "பண்ணாத ஆளோட கையெழுத்து" என்றாளே. அவளுக்கு நேற்றே தெரியும். பேசியதெல்லாம் புருஷனோடு. பேச்சு வந்து சேர வேண்டிய இடம் ஜன்னலோரம்.

"நான் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்றேன்," என்றாள் காலர் அக்கா.

"எடுத்தா மட்டும்? நானூறு வீட்டுக் கதவைத் தட்டி வாங்க முடியுமா?"

"இந்தா, உன் தாள். இதையாவது கிழிச்சுப் போட்டுடு. இது இல்லன்னா யார் எழுதினதுன்னு என்ன அத்தாட்சி?"

மடித்த பழுப்புத்தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. பஸ்ஸில் இருபது நிமிஷம். போனால் போய்ச் சேர்ந்துவிடலாம். கையில் போன் இருந்தது. மருமகளின் எண்ணை எடுத்தாள். பெயருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த சின்னப் படத்தைப் பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டாள். இதையெல்லாம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஒரு பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது என்று விட்டுவிட்டாள். கூட்டமில்லாத பஸ் வந்தபோது, ஜிப் வாங்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. ஜிப் இல்லாமல் போனால் எங்கே போனாய் என்று கேட்பாளே. சொல்லத்தானே போகிறாய், பிறகு ஜிப் எதற்கு என்று மனசு கேட்டது. அவள் மனசுக்குப் பதில் சொல்லாமல் கடைக்குள் நுழைந்தாள். ஏழு அங்குலம் போதுமா எட்டு வேண்டுமா என்று கடைக்காரனிடம் பத்து நிமிஷம் பேசினாள். கறுப்பா, கருநீலமா என்று வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். தைக்க வேண்டிய துணியே வீட்டில் இல்லை.

வழியில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். "தெரியாம நடந்துபோச்சும்மா." தெரியாமலா? "யாரோ கேட்டாங்க." யாரும் கேட்கவில்லை. "நான்தாம்மா." அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஒரு தாளின் கனத்துக்கே கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே கால்.

மருமகள் மேசை முன் உட்கார்ந்து மடிக்கணினியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி, அதன் மேல் ஒரு ரப்பர் வளையம் போட்டாள். அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது அத்தை. பத்து நிமிஷம்கூட ஆகல."

"என்ன சொன்னாங்க?"

"வீட்டுல வேற யாராவதான்னு மூணு தடவை கேட்டாங்க. எழுதிக் கொடுக்க யாரும் இல்லன்னு சொன்னேன். நாளைக்கு ஆள் வந்து இந்த ஆபீஸ் மடிக்கணினியை வாங்கிட்டுப் போவாங்க."

தையல்காரம்மா பையைத் திறந்தாள். கை முதலில் ஜிப்பின் மேல் பட்டது. அதைத் தள்ளிவிட்டுத் தாளை எடுத்து, மேசைமேல் வைத்து, மடிப்பைப் பிரித்தாள். ஓரத்தில் பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. குறுக்குக் கோடு போட்ட ஏழு மட்டும் தெளிவாக இருந்தது.

"நான்தாம்மா."

"தெரியும் அத்தை."

"பெருமைக்குக் கொடுத்தேன். நீ செஞ்சதுன்னு காட்டணும்னு." மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். "இப்ப எழுதித் தரேன். கூப்பிட்டுச் சொல்லு. எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

"ஒரு மணி வரைக்கும்தான் அத்தை நேரம் கொடுத்திருந்தாங்க. காலையில உரக்கப் படிச்சேனே."

"கேட்டேன்."

மருமகள் தாளை எடுத்துப் பார்த்தாள். அந்தக் கை வளைவின் மேல் விரலால் ஒரு தடவை கோடு இழுத்தாள். அதைப் பழைய மடிப்பிலேயே மடித்து மாமியாரின் பக்கம் நகர்த்தினாள். எழுந்து ஜன்னலோரம் போய், காலையில் முடித்து மாட்டிய வெள்ளைச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பட்டன்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். எல்லாம் இறுக்கமாக, ஒரே வரிசையில் இருந்தன.

"உங்க பிள்ளையை அவ்வளவு நேரம் திட்டினேனே, அத்தை. இந்த ஆறு பட்டனும் தைச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க என்ன நினைச்சுட்டு இருந்தீங்க?"