நூற்றுப்பத்து வோல்ட் பெட்டி

மாரியம்மன் திருவிழா மேடையில் கிடார் வாசிக்கும்போது கரண்டு அடித்து இறந்த ஜமீரின் மூன்றாம் நாள் ஜியாரத் சடங்கு முடிந்த மதியம் அவன் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். ரேடியோ மெக்கானிக் கவுஸ் பாஷா; அவர் மனைவி அஸ்கரி பேகம்; அவர் தம்பியும் ஜமீரின் தகப்பனுமான அன்வர் பாஷா; பிள்ளையைப் பறிகொடுத்த பரிதா; வாக்குமூலம் எழுத வந்த ஏட்டு தர்மன்; வாசற்படியில், கையில் காகிதப் பொட்டலத்தோடு, மைக்செட் மாயவன். மாயவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

ஏட்டு பேனா மூடியைக் கழற்றினார். “பாய், இந்த ஊர்ல கரண்டு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். மைக்குல லீக்குன்னு ஒரு வரி சொல்லுங்க. மீதியை ஸ்டேஷன்ல பாத்துக்கறோம்.”

“சொல்லுங்கண்ணா” என்றார் அன்வர். “இவன் மைக் ஸ்டாண்டுதான் எம்புள்ள மேல கெடந்துச்சு. திருவிழாக் கூட்டமே பாத்துச்சு.”

“ஸ்டாண்டு வுழுந்தது வாஸ்தவங்க” என்றான் மாயவன். “ஆனா மைக்குக்கு நான் இன்னும் கரண்டே குடுக்கலீங்க.”

“கல்யாணத்துக்குக் கல்யாணம் காது கிழியக் கத்த வுடுவ. அன்னிக்கு மட்டும் ஊமையாயிட்டியா?” என்றார் அன்வர்.

மாயவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய மைக்செட் முழுவதும் ஸ்டேஷனில் கிடந்தது. அந்த ஒரு வரி எழுதப்பட்டால் அவனும் அங்கேதான் போவான்.

கவுஸ் பாஷா மூலையில் இருந்த கிடார் ஆம்பிளிபயர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை பட்ட ரேடியோ திரும்பக் கடைக்கு வந்ததில்லை என்று மாரண்டஹள்ளியில் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

பெட்டி சவூதியின் தம்மாமிலிருந்து வந்தது. பரிதாவின் தம்பி வாங்கி வந்தான். அந்த ஊர் கரண்டுக்குச் செய்தது. பின்பக்கம் 110 வோல்ட் என்று போட்டிருந்தது. பல நாடுகளுக்கும் விற்கிற பெட்டியில் வோல்டேஜ் மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். இதில் அந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். ஆசை பொறுக்காத ஜமீர் நம்மூர் இருநூற்று முப்பதில் நேராகச் சொருகிவிட்டான். பட்டென்று வெடித்துப் புகை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பாவிடம் ஓடி வந்தான். திருவிழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கவுஸ் பாஷா ஃபியூஸ் மாற்றினார். வோல்டேஜைக் குறைக்க ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தார். அதில் இரண்டே ஓட்டை. பெட்டியின் பிளக்கிலோ மூன்று முனை. மூன்றாவது எர்த் முனை, கசிகிற கரண்டை மண்ணில் இறக்குவது. அதைக் கட்டரால் வெட்டினார். பாட்டு வந்தது. பிறகு டெஸ்டரைக் கிடார் கம்பியில் வைத்தபோது சிவப்பாக எரிந்தது. உள்ளே இருந்த காயில் கருகி, பெட்டியின் இரும்பில் கரண்டு இறங்கிக்கொண்டிருந்தது. சேலத்துக்கு அனுப்பிப் புதிதாகச் சுற்றினால் பதினைந்து நாள் ஆகும். என்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. “லேசா இழுக்கும்டா. செருப்பு போட்டுக்கிட்டு வாசி” என்றார்.

வாசலில் மாயவன் பொட்டலத்தைப் பிரித்தான். புது ரப்பர் செருப்பு.

“ஜமீர் தம்பியோடதுங்க. மேடைக்குக் கீழ கெடந்துச்சு. மாரியாத்தா முன்னால செருப்போட நிக்கக் கூடாதுன்னு அதுவே கழட்டி வெச்சுட்டு ஏறுச்சு. யாரும் சொல்லலீங்க. அப்பத்தான் சாணி மெழுகின மேடை, ஈரங்கூடக் காயல.”

பரிதா மூன்று நாளில் முதல்முறையாக வாய் திறந்தாள். “இது அவன் செருப்பில்ல. அவனுக்குத் தோல் செருப்பு நல்லாத்தானே இருந்துச்சு? இதை எதுக்கு வாங்கினான்?”

யாருக்கும் தெரியவில்லை. ஈரத்தில் தோல் செருப்பு கரண்டைத் தடுக்காது, ரப்பர் வாங்கு என்று சொன்னவருக்குத் தெரியும்.

கவுஸ் பாஷா எழுந்து போய் பெட்டியின் ஒயரை இழுத்து வந்தார். பிளக்கை ஏட்டின் முன்னால் வைத்தார். இரண்டு முனைக்குக் கீழே வெட்டுப்பட்ட பித்தளை பளபளத்தது.

“எழுதுங்க. கரண்டு வந்தது இதுலேர்ந்து. கிடார் கம்பியில ஷாக் இருந்துச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

“அண்ணா!” அன்வர் எழுந்துவிட்டார்.

அஸ்கரி பேகம் குரலைத் தாழ்த்தினாள். “ஏங்க, போனவன் போயிட்டான். நம்ம வூட்டுப் பேரையும் கூடவே புதைக்கணுமா?”

“மாயவன் செய்யாத வேலைக்கு அவன் பேரைப் போட வுட மாட்டேன். அது என் வேலை. என் பேரைப் போடுங்க, ஏட்டய்யா. கவுஸ் பாஷா, தகப்பன் பேரு தஸ்தகீர் சாயபு.”

ஏட்டு அன்வரைப் பார்த்தார். பிறகு எழுதினார். கவுஸ் பாஷா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பரிதா வாசலுக்குப் போய் மாயவனிடமிருந்து செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கவுஸ் பாஷாவிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்வர், அண்ணன் வீட்டுப் பக்கமிருந்த கதவைச் செங்கல் வைத்து அடைத்தார். கடை அதன்பின் திறக்கவில்லை.

ஊருக்குள் சண்டை மூளக் கூடாதென்று கவுஸ் பாஷா பெரிய மனசோடு மாயவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று மாரண்டஹள்ளியில் இன்னமும் சொல்கிறார்கள். அப்படியில்லை. எர்த் முனையை வெட்டியது அவர்தான்.