சிரிப்பு மட்டும்தான்

வடபழனி டப்பிங் தியேட்டரில் அன்று மத்தியானம் முழுக்கப் புகழேந்தி சிரித்துக்கொண்டிருந்தான். திரையில் ஹீரோ ஏதாவது சொல்வார். பக்கத்தில் நிற்கும் புகழேந்தி அவர் தோளைத் தட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கெல்லாம் இப்போது இருட்டறையில், மைக் முன்னால் தனியாக நின்று குரல் கொடுக்க வேண்டும்.

"இன்னொரு வாட்டி சார். கொஞ்சம் மனசு விட்டு," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் தனபாலன்.

சிரித்தான். பிறகு கேட்டான்: "மார்க்கெட் சீன்ல நான் பேசுவேனே, அது எப்போ வரும்?"

தனபாலன் தயங்கினார். "அது எடிட்டிங்ல போயிடுச்சு சார். சொல்லலையா உங்களுக்கு? இந்தப் படத்துல உங்களுக்குச் சிரிப்பு மட்டும்தான்."

"பரவால்ல," என்று ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டான்.

சினிமாவுக்கு வருமுன் அவன் பேசியே பேர் வாங்கியவன். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஆற்றை ஒட்டியிருந்த அவர்கள் வீட்டை, அவன் ப்ளஸ் டூ படிக்கும்போது இடித்தார்கள். ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில், அரசுக் குடியிருப்பின் ஆறாவது மாடியில் வேறு வீடு கொடுத்தார்கள். பழைய வீட்டின் கதவைத் தலையில் சுமந்துகொண்டு மாடியேறிய கதையை, அடையாறில் ஒரு கஃபே மாடியில் நடக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடி மேடையில் நின்று சொல்வான். "வூடு போச்சு, கதவு மட்டும் கீது. யார்னா வந்து தட்டுனா எங்கேர்ந்து தொறக்குறது?" கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்று, "ஆனா யாரும் வந்து தட்டல," என்பான். அறையில் பேச்சு மூச்சிருக்காது. அந்த அமைதிக்காகத்தான் அவன் அந்தக் கதையையே சொன்னான்.

யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்து சினிமா கூப்பிட்டது. அடையாறிலேயே ஃபிளாட் பிடித்தான். அம்மா கோவிந்தம்மா வந்து கொஞ்ச நாள் இருந்தாள். "அல்லாரும் உள்ள பூட்டிக்கினு கீறாங்க. யாராண்ட பேசுறது நைனா?" என்று பெரும்பாக்கத்துக்கே திரும்பிவிட்டாள். அதன்பின் ஷூட்டிங் இல்லாத நாட்களில் அவனும் யாரிடமும் பேசுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய கஃபேக்குப் போனான். அவனோடு மேடையேறத் தொடங்கிய ஃபிசாதான் இப்போது அங்கே நிகழ்ச்சி நடத்துகிறாள். "அஞ்சு நிமிஷம் தர்றியா?" என்று கேட்டான். "கேக்கணுமாடா?" என்றாள்.

மேடையேறி வாயைத் திறக்குமுன்பே சிரித்தார்கள். செல்போன்கள் உயர்ந்தன. அதே கதையைச் சொன்னான். "ஆனா யாரும் வந்து தட்டல," என்றபோது முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. நன்றி சொல்லி இறங்கினான்.

"கடைசி வரிக்கும் சிரிச்சுட்டாங்க இல்ல?" என்றாள் ஃபிசா மெதுவாக.

"என் மூஞ்சியப் பாத்தாலே சிரிப்பு வருது அவங்களுக்கு."

மறுநாள் அம்மாவைப் பார்க்கப் போனான். அவன் மேடையில் பேசியதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஏனோ அன்று, அவள் மீன் கழுவிக்கொண்டிருக்கையில், சுவரில் சாய்ந்து நின்று அந்தக் கதையை முழுக்கச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"கதவ நீ எங்க தூக்குன? பக்கத்து வூட்டு ராபர்ட்டுதான தூக்கியாந்தான். நீ டெம்போல குந்திக்கினு அழுதுக்கினு கெடந்த."

இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, கதவின் கனம் தன் கழுத்தில்தான் இருந்ததாக அவனே நம்பிவிட்டிருந்தான்.

"அன்னிக்கி எதுக்குடா அப்டி அழுத? நானும் கேக்கவே இல்ல," என்றாள்.

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. அதைச் சொல்லாமல் விழுங்கினான்.

"பூனைய உட்டுட்டு வந்துட்டோம்மா. வண்டி கெளம்பசொல்ல அது அந்தக் கல்லு குவியல் மேல ஏறி, வூட்டத் தேடிக்கினு இருந்துச்சு."

கோவிந்தம்மா கழுவுவதை நிறுத்தினாள். "சாம்ப கலர் பூன," என்றாள்.

"ஆமாம்மா."

அவள் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, இருட்டுமுன் பஸ் ஏறி அடையாறுக்குத் திரும்பினான்.