சாயத் தண்ணீர் வீடு மாறிய கதை

நாகமலை புதுக்கோட்டையில் டிரைவர் இன்னாசிமுத்து வீட்டுக் குழாயில் மட்டும் இரண்டு வருஷம் சிவப்புத் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுக்கும் அதே பைப்தான். அங்கே பளிங்கு மாதிரி வந்தது. பஞ்சாயத்து ஆட்கள் தெருவைத் தோண்டிப் பார்த்து, பைப்பில் குறையில்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சமயம் மல்லிகை விலையும் தாறுமாறாக ஏறிக்கிடந்தது. ஊர் இரண்டையும் ஒரே மாதிரிதான் பேசியது.

சமயநல்லூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை கழிவைத் திறந்துவிடும்போதெல்லாம் இந்தக் குழாய் சிவந்தது. விசாரித்தால், அந்தக் கம்பெனிக்கு டைரக்டரே இன்னாசிமுத்துதானாம்! மனுஷனுக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முதலாளி ஸ்ரீராம்குமார் கேக்கும் வேட்டியும் கொடுத்த கையோடு, கார் பானெட்டில் ஏதோ பேப்பர்களை வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார். வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன ஏதென்று கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று இவரும் போட்டுவிட்டார். இப்போது போய்க் கேட்டால், "பட்டறை வேற கம்பெனிக்குச் சொந்தம்ப்பா. அந்தக் கம்பெனி ஏதோ தீவுல இருக்கு. ஓனர் யாருன்னு எனக்கே தெரியாது" என்று கையை விரித்தார் முதலாளி. லாபம் தீவுக்குப் போனது, வரி எங்கும் போகவில்லை, கழிவு மட்டும் டைரக்டர் வீட்டுக்கு வந்தது. கூடவே கோர்ட் சம்மனும் வந்தது. ஜெயிலுக்குப் போய்விடுவோம் என்று இன்னாசிமுத்து சின்னப்பிள்ளை போல அழுதார்.

அவர் மனைவி சகாயமேரி மிஷன் பள்ளி ஆசிரியை. "அழுகாதீங்க. தண்ணி பேப்பர்ல இருக்குற பேரத் தேடி வருது. பேப்பர்ல நெசத்த எழுத வைப்போம்" என்றார். சிவப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, கலெக்டர் ஆபீஸ், எம்.பி. வீடு, டெல்லி என்று ஏறி இறங்கினார். எந்தக் கம்பெனிக்கும் உண்மையான முதலாளி யார், எங்கே எவ்வளவு வரி கட்டுகிறார் என்பது ஊருக்கே தெரிய வேண்டும், அதற்கு ஒரு சட்டம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

"அது வியாபார ரகசியமாச்சேம்மா" என்றார் எம்.பி.

"எங்க வீட்டுக் குழாய்ல எந்த ரகசியமும் இல்லையே சார்" என்று ஒரு டம்ளர் ஊற்றி முன்னால் வைத்தார் சகாயமேரி. எம்.பி. அதைக் குடிக்கவில்லை, ஆனால் விஷயத்தை மக்களவைக்கு எடுத்துப் போனார். இழுத்தடித்து, கிடப்பில் போட்டு, ஒருவழியாகச் சட்டம் வந்தே விட்டது.

அது அமலுக்கு வந்த காலையில் இன்னாசிமுத்து குழாயைத் திறந்தார். தெளிந்த தண்ணீர்! வயிறு முட்டக் குடித்தார், சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டார், "யேசுவே, தப்பிச்சேன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். சம்மனிலிருந்து அவர் பெயரும் போனது. அப்பாடா என்று அன்றைக்குத்தான் அந்த வீடு நன்றாக மூச்சுவிட்டது.

வெயில் ஏறியதும் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முதலாளி மனைவி ராஜஸ்ரீ குடத்தோடு இறங்கினார். "டீச்சர், எங்க வீட்ல மட்டும் தண்ணி செவப்பா வருது. பிளம்பர் பாத்துட்டு ஒண்ணும் ரிப்பேர் இல்லங்கிறான்."

சகாயமேரி குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தார். "ஆமாம்மா, ரிப்பேர் ஒண்ணும் இல்ல. இப்பத்தான் சரியான வீட்டுக்கு வருது."

அந்த வாரமே பட்டறையில் கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டிக்குக் கடைக்கால் தோண்டினார்கள். வேலை முடியும்வரை ராஜஸ்ரீ தினமும் குடத்தோடு வந்துபோனார்.