உடம்பாவது கேட்டுச்சே

பண்ணைகளிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் அவள் முதலில் தேடுவது குப்பிகளின் மேல் இருக்கும் கையெழுத்தைத்தான். கால்நடை மருத்துவனான கணவன் சண்டை போட்டுக்கொண்டு தூரத்து ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய் இரண்டு வருடமாகிறது. பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் மாட்டுச் சாணமும் கோழி எச்சமும் அவன் கையால் அடைக்கப்பட்டு வாரந்தவறாமல் அவள் மேசைக்கு வந்தன. சாப்பாட்டு வழியாக மனிதர்களைத் தொற்றும் கிருமிகளை அவற்றிலிருந்து பிரித்து, மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது அவள் வேலை. “புருஷன் சாணம் அனுப்பினா பூரிச்சுப் போற ஒரே பொண்டாட்டி நீதான்டி” என்பாள் பக்கத்து மேசைத் தோழி. அவளும் சிரித்து வைப்பாள். மூடியை அழுத்தித் திருகியிருக்கும் விதத்திலேயே அன்றைக்கு அவன் என்ன மனநிலையில் இருந்தான் என்று அவளுக்குத் தெரியும். இதை யாரிடம் சொல்ல?

அந்த வாரம் வேறு யாருடைய கையெழுத்தோ இருந்தது. பெட்டி கொண்டுவந்த ஓட்டுநரைக் கேட்டாள்.

“டாக்டர் ஆஸ்பத்திரியில இருக்காரும்மா. வயித்தால போகுது, காய்ச்சல் வேற. மருந்து ஏத்தியும் இறங்கல. சோதனைக்கு எடுத்த அவரோட சாம்பிளும் இதுலயே இருக்கு.”

கிருமியை வளர்த்து, இயந்திரத்தில் ஏற்றி, முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் குடலில் இருந்த சால்மோனெல்லாவும், போன மாதம் அவனே அனுப்பிய நோயுற்ற கன்றின் கிருமியும் ஒன்றுதான். அவனுக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்தை முறிக்கும் மரபணுவும் அதில் இருந்தது. உடனே வார்டு மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“அந்த மருந்து கேக்காது டாக்டர், மாத்துங்க.” எது கேட்கும் என்பதையும், கிருமி எந்தக் கன்றிடமிருந்து வந்தது என்பதையும் சொன்னாள்.

சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் நைந்திருந்தது.

“அந்தக் கன்னுக்குட்டிய மடியில போட்டுத்தான் பால் குடுத்தேன். பொழைச்சிடுச்சு.”

“நீங்க?”

“காய்ச்சல் விட்டுடுச்சு.”

“நான் சொன்னத உங்க உடம்பாவது கேட்டுச்சே.”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி ஓய்ந்தது. போனை வைக்க இருவருக்கும் மனமில்லை.

“வரியா?” என்றான் கடைசியில்.

மறுநாள் வார்டு வாசலில் நின்றாள். பாதியாய் இளைத்திருந்தான். அவன் மெல்லக் கால்களை மடக்கி, போர்வையை ஒதுக்கி, கட்டிலின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டான்.