சூடு தெரியாத விரல்கள்

பாதம் இரண்டும் மிளகாய் அரைத்து அப்பியதுபோல் எரிந்தன. ஆண்கள் வார்டு சிஸ்டர் மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி நின்றாள். எரிச்சலைக்கூடப் பல்லைக் கடித்துத் தாங்கிவிடலாம். விரல் நுனிகள்தான் அவளைப் பயமுறுத்தின. அங்கே வலியும் இல்லை, எதுவுமே இல்லை. ஊசி மூடியைக் கண்ணால் பார்த்தால்தான் அது கையில் இருப்பது தெரிந்தது.

சர்க்கரை நரம்புக்கு இறங்கிவிட்டது என்பதைத் தெரிந்தவர் யாரும் வராத ஒரு கிளினிக்கில் போய்க் கேட்டு வந்திருந்தாள். வேலை பார்க்கும் இடத்தில் சொல்லிவிடச் சொல்லி அந்த டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வீட்டில் புருஷன், மூட்டை தூக்கியே முதுகு போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவன், வேறு மாதிரி சொன்னான்.

"சொல்லித் தொலைக்காத. முதுகு முடியலன்னு நான் மேஸ்திரிகிட்ட நேர்மையா சொன்னேன். மறுநாளே என் இடத்துல வேற ஆளு. வீட்டுக்கு ஒரு நேர்மை போதும்."

வேலை நிரந்தரமாகப்போகும் நேரம். அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு வழி பண்ணிக்கொண்டாள். நோயாளிகளுக்கு உடம்பு துடைக்க வெந்நீர் விளாவும்போதெல்லாம் ஆயாவைக் கூப்பிட்டுக் கைவைத்துப் பார்க்கச் சொல்லுவாள். அந்த ஆயாவுக்கு வார்டில் ரேடியோ என்று பேர். விடிந்ததும் ஆரம்பித்தால் யாராலும் அணைக்க முடியாது. ஏன் எதற்கு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சிஸ்டருக்குப் பூப்போலக் கை, வெந்நீர் பட்டால் வாடிவிடும் என்று கட்டில்காரர்களைச் சிரிக்கவைப்பதோடு சரி.

அன்று காலை ரேடியோ கொதிநீரைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் கடைசிக் கட்டிலில் விரிப்பு நனைந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள், போய்விட்டாள். டாக்டர் வரும் நேரம். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். சிஸ்டர் தானே பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவி, விரலை விட்டுப் பார்த்தாள். இதமாக இருப்பதாகத்தான் பட்டது. பக்கவாதத்தில் இடப்பக்கம் மரத்துப்போயிருந்த பஸ் டிரைவரின் காலைத் தூக்கி வெந்நீர் பேசினுக்குள் வைத்தாள்.

அவள் விரலுக்கும் தெரியவில்லை, அவர் காலுக்கும் தெரியவில்லை. டிரைவரின் மகளுக்குப் பேறுகாலம் நெருங்குவதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த ரேடியோ ஆவியைப் பார்த்துப் பாய்ந்து காலை வெளியே இழுத்தபோது, தோல் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

மேட்ரன் வந்தார். கைவைத்துத் தண்ணீரைப் பார்த்தது யார் என்று கேட்டார். வார்டு முழுக்க இவர்களையே பார்த்தது. சிஸ்டர் சிவந்திருந்த விரல்களைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டாள்.

"ஆயாதான் மேடம் கொண்டுவந்து வச்சா."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ரேடியோ அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள், இன்னும் ஏதோ வரும் என்று காத்திருப்பவள்போல. வரவில்லை. விளாவியது யாரென்று கவனிக்காத டிரைவர், கண்ணு அவிஞ்சா போச்சு என்று ஆயாவைத்தான் திட்டினார். மதியத்துக்குள், ஆயாவை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டான்.

அதற்கப்புறம் சிஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மேட்ரன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சுகர்னு சொன்னா தலையையா எடுத்துருவேன்? எனக்கே இருக்கும்மா. ஓ.பி.ல உக்கார வச்சிருப்பேனே. இதுக்கா டிரைவரு கால வேகவச்ச?"

இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவுக்குப் பயந்தா? மேட்ரன் சொன்னபடியே அவளைப் புறநோயாளிகள் பிரிவான ஓ.பி.க்கு மாற்றினார், ஆயாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார். ஆனால் டிரைவரின் சொந்தக்காரர்கள் வழக்கு அது இதென்று இறங்கிவிடக்கூடும், இந்தப் பேச்சு இந்த அறையோடு இருக்கட்டும் என்றார். சிஸ்டர் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ரேடியோவை ஒரு ஹோட்டலின் பின்கட்டில், பாத்திரக் குவியலுக்கு நடுவில் கண்டுபிடித்தாள். மேட்ரனிடம் சொல்லியாயிற்று, திரும்பி வரலாம் என்றாள்.

ரேடியோ கை நிற்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கதவச் சாத்திக்கிட்டுத்தான சொல்லியிருப்பீங்க? என்னை அத்தனை கட்டிலும் பாக்கத்தான் அனுப்புனாங்க. உங்க கைக்குச் சூடு தெரியலன்னு எனக்கு எப்பவோ தெரியும் சிஸ்டர். நான் யாருகிட்டயாச்சும் ஒலிபரப்புனேனா? அந்த வார்டுல வச்சுச் சொல்லுங்க. அப்புறம் வர்றேன்."

பிறகு, "கை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அண்டாவை இழுத்தாள்.

இப்போது சிஸ்டர் ஓ.பி.யில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டோக்கன் கூப்பிடுகிறாள். நிரந்தர உத்தரவும் வந்துவிட்டது. மாடி வார்டில் டிரைவருக்குப் புண் ஆறிக்கொண்டிருக்கிறது. வந்து போகிறவர்களிடமெல்லாம் அவர் ஆயாவின் பேரைச் சொல்லித்தான் காலைக் காட்டுகிறாராம். சாப்பாட்டு இடைவேளையில் சிஸ்டர் படிக்கட்டுவரைக்கும் போவாள். எரிகிற காலைச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். அந்தக் கட்டிலருகே நின்று, எல்லார் காதிலும் விழும்படி, தண்ணீரைப் பார்த்தது ஆயா இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டும். ரேடியோவுக்கு அவள் பட்ட கடன் அது. இன்னும் தீர்க்கவில்லை.