ஜூலையில் ஒரு சிவப்புப் பூ

வீட்டுக்குப் பின்னால் குனிந்து நீலப் பூவைக் கிள்ளும்போதே ட்ருஸில்லா முடிவு கட்டிவிட்டாள். நினைவுத் தூணுக்குப் போவாள், மகள் மெல்வினாவின் கல்யாணத்துக்குப் போகமாட்டாள். ஜூலை ஒன்றாம் தேதியில் நியூஃபவுண்ட்லாந்தில் எவனாவது கல்யாணம் வைப்பானா? டொராண்டோக்கார மாப்பிள்ளை வைப்பான். லீவு நாளாம், எல்லாருக்கும் வசதியாம். நல்ல வசதிதான் போ!

முதல் உலகப்போரில் இதே தேதி காலையில்தான் பிரான்ஸில் இந்தத் தீவுப் பையன்கள் பதுங்குகுழியை விட்டு மேலே ஏறினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அவள் அண்ணன் ஹெட்லியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 'என்னை மறக்காதே' என்று பெயர்கொண்ட இந்தப் பொடிப் பூவை அதற்காகத்தான் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். போரில் செத்தவர்களுக்காக ஊர் உலகமெல்லாம் அணியும் சிவப்புப் பாப்பிப் பூ பின்னால் வந்தது. அது போர் முடிந்த நவம்பருக்கு, இது ஜூலைக்கு. இங்கே தவழுகிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தீவு கனடாவோடு சேர்ந்த இந்த ஆறு வருஷமாக அதே தேதி கனடா பிறந்த விழா நாளாகவும் ஆகித் தொலைத்திருக்கிறது. மதியம் வரை கொடி அரைக்கம்பத்தில் நிற்கும், அப்புறம் உச்சிக்கு ஏறிவிடும். ட்ருஸில்லாவும் மதியம் பூவைக் கழற்றிக் கடலில் விட்டுவிட்டு வந்து அடுப்பை மூட்டுவாள்.

"கல்யாணம் மூணு மணிக்குத்தானேம்மா? அதுக்குள்ள கொடியே ஏறியிருக்கும்" என்று மெல்வினா நேற்றும் கெஞ்சினாள்.

"கொடிக்கு மனசு இல்லடி. ஏத்தினா ஏறிடும்."

நினைவுத் தூணருகே பனிமூட்டம். பாதிரியார் பெயர்களைப் படித்து முடித்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. திரும்பினால் மாப்பிள்ளை கீத் நிற்கிறான். தொளதொளவென்று ஒரு கறுப்புக் கோட்டு, அதில் வெளுத்துப்போன சிவப்புத் துணிப் பூ.

அதே போரில் ஒரு கையை விட்டுவிட்டு வந்த அசரியா பக்கத்தில் நின்றிருந்தார். "உன் மாப்பிள்ளைக்கு இப்பவே நவம்பர் வந்துடுச்சு போல, தாயி!" என்றார்.

ட்ருஸில்லாவுக்கு மானம் போயிற்று. கீத்தைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னைக்கு எந்தப் பூன்னு அவ சொல்லலியா?"

"கேக்கத் தோணல அத்தை. நீங்க இங்க வருவீங்கன்னு தெரியும். வெறுஞ்சட்டையா வந்து நின்னா மரியாதையில்லன்னு நினைச்சேன்."

"அதுக்காகப் பழசை எடுத்துக் குத்திக்கிட்டு வந்தியாக்கும்?"

"நான் குத்தல. கோட்டு அப்பாவோடது. போன நவம்பர்ல அவரே குத்தினது. அந்தப் போர்ல விஷப்புகை குடிச்ச நெஞ்சு, கிறிஸ்துமஸைத் தாண்டல. எடுக்க எனக்குக் கை வரல." கொஞ்சம் தயங்கினான். "தப்புன்னா இப்ப எடுத்துடறேன்."

ஊசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருந்தது. அவன் இழுத்தான்.

"விடு, கோட்டு கிழியும்" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். பாவம், இவனுக்கும் அந்தப் போரில் போன ஒருத்தர்.

மதியம் கொடி ஏறியது. ட்ருஸில்லா வழக்கம்போலக் கரைக்குப் போனாள், பூவில் கை வைத்தாள். அலை வந்து செருப்பை நனைத்துவிட்டுப் போயிற்று. வீட்டுக்கு வந்து நல்ல தொப்பியைத் தேடி எடுத்தாள்.

மூன்று மணிக்கு அவள் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் உள்ளே பேச்சு நின்றது. முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பாதிரியார் மாப்பிள்ளை மார்பிலிருந்த சிவப்பைப் பார்த்தார், மாமியார் மார்பிலிருந்த நீலத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். பறித்த பூ அவ்வளவு நேரம் தாங்காது. மகள் உள்ளே நடந்து வருகையில் அது தலை தொங்கிவிட்டது. ட்ருஸில்லா ஒரு விரலால் அதைத் தாங்கிப் பிடித்தபடியே எழுந்து நின்றாள்.